மீண்டும் ஐந்தாம் வகுப்பு

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ எனக்குத் தெரியாது. ஏஜெண்ட் ஆபீசில் கொடுத்தால் அடுத்து நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேரும் என்கிறார்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் கூப்பிடுவது மாதத்துக்கு இரண்டு தடவை, பேசுவது நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் உங்கள் மகள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். பிள்ளைகள் இரண்டு பேரையும் கீழ்வீட்டில் விட்டுவிட்டு, கதவைத் தாழ்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. பெரிய பள்ளிக்கூடத்துப் பரீட்சை முடிவை வெள்ளிக்கிழமை ஒட்டிவிட்டார்கள். முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகள் எழுதினார்கள், எண்பது பேருக்குத்தான் இடம். நம் பையன் பூனை எழுபத்து மூன்றாவது. ஐயா தன் யோக்கியதை தெரிந்தவர், பட்டியலைக் கீழேயிருந்து தேடினார், சட்டென்று கிடைத்துவிட்டது. கேட்டுக்கு முன்னால் குதித்த குதியில் நெஞ்சு இழுக்க ஆரம்பித்து, அவன் அக்கா சிட்டு பையிலிருந்து மூச்சு மருந்துப் பம்பை எடுத்து அவன் வாயில் வைத்தாள். அப்புறம் அவளும் கீழேயிருந்துதான் தேடினாள். எழுபது, அறுபது, ஐம்பது என்று விரலை வைத்து மேலே போய், முப்பதுக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டு, இல்லைம்மா, வா போகலாம் என்றாள். நான்தான் மேலே பார்த்தேன். நாலாவது பெயர் அவளுடையது. முந்நூற்றுப் பத்தில் நாலு! காட்டினேன். வேற யாராவது இருக்கும்மா, இதே பேர்ல, என்றாள். நம்பரைச் சரிபார்த்த பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஏன் வரவில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். போன வருஷம், அவள் ஐந்தாவது முடித்த சமயம், நீங்கள் ஒரு கடிதம் போட்டீர்கள். அவள் பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டால் பூனை பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் தனியாக இருப்பான், மூச்சு முட்டினால் பக்கத்தில் யார் இருப்பார்கள், அதனால் அவளை இன்னொரு வருஷம் ஐந்தாவதிலேயே உட்கார வை, இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படிக்கட்டும், பெரிய பள்ளிக்கூடத்துக்கும் ஒன்றாகப் போகட்டும் என்று. உங்கள் தம்பி பள்ளிக்கூடத்து வராண்டாவில் மூச்சு நின்று போன கதையைக் கல்யாணமான புதிதிலேயே எனக்குச் சொன்னவர் நீங்கள். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அதனால்தான் நான் எதிர்த்து ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். கணக்கில் தொண்ணூற்று நாலு வாங்கின பிள்ளையை எந்த ஊரில் அம்மா இப்படி நிறுத்துவார்கள் என்று கேட்டார்கள். ஒரு வருஷம்தானே, ஓடிப்போய்விடும் என்று நான் பெரிய மனுஷி மாதிரிப் பதில் சொன்னேன். அவர்கள் பதிவேட்டில் மூன்றே வார்த்தை எழுதினார்கள்: மீண்டும் ஐந்தாம் வகுப்பு. ஏன், எதற்கு என்று ஒன்றும் எழுதவில்லை. இப்போது அவர்கள் ஓய்வு வாங்கிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள், விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

அதோடு விட்டோமா? காரணத்தைச் சொன்னால் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவாள், தம்பி மேல் வெறுப்பு வந்துவிடும், கணக்கில் பெயில் என்று சொல்லிவிடு என்று எழுதினதும் நீங்கள்தான். அவளிடம் அப்படியே சொன்னதும், மார்க் அட்டையை நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி லாண்டரிக்குக் கொண்டுபோய், வார்டு துணி பிரிக்கிற இடத்துக் குப்பைத் தொட்டியில் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டதும் நான்தான். அவள் ஆர்ப்பாட்டமே பண்ணவில்லை. சாரிம்மா என்று சொன்னாள். பத்து வயசுப் பிள்ளை, பெயிலாகாத பிள்ளை, என்னிடம் சாரி கேட்டது. நான் சரி சரி, இனிமேலாவது ஒழுங்காகப் படி என்றேன். என் நாக்கு அன்றைக்கே அழுகிப்போயிருக்க வேண்டும்.

இப்போது கெட்ட சேதிக்கு வருகிறேன். சனிக்கிழமை சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு போனேன். பூனையின் காகிதத்தைப் பார்த்து முத்திரை குத்தி ஒரு பக்கம் வைத்தார்கள். சிட்டுவின் காகிதத்தைப் பார்த்த கிளார்க், பதிவேட்டிலிருந்து அதில் ஏறியிருந்த இந்த மூன்று வார்த்தையில் விரலை வைத்து, பிரின்சிபால் அம்மாவைப் பாருங்கள் என்றார். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். அந்தப் பள்ளிக்கூடத்து விதி என்னவென்றால், ஒரு வகுப்பில் பெயிலாகித் திரும்பப் படித்தவர்களை எத்தனை மார்க் எடுத்தாலும் சேர்ப்பதில்லையாம். விண்ணப்பத்தின் பின்பக்கமே அச்சடித்திருக்கிறது. பின்பக்கத்தை யார் படித்தார்கள்?

அவள் பெயிலாகவில்லை, நாங்களாகத்தான் நிறுத்தினோம் என்றேன். அந்த அம்மா கெட்டவர்கள் இல்லை. அப்படியென்றால் அதற்கும் வழி இருக்கிறது, தாய் தகப்பன் இரண்டு பேரும் தனித்தனியாகக் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பள்ளி திறந்து ஒரு மாதம் வரை அவள் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து, உள்ளது உள்ளபடி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி உங்கள் காகிதம்தான் பாக்கி.

அதில் நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான். மகனுக்கு மூச்சுக் கோளாறு. அவனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகளை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தோம். அவள் பெயிலாகவில்லை. முடிந்தது. முப்பது பேருக்கு மூன்று வேளை சமைக்கிறவருக்கு மூன்று வரி எழுதுவது ஒரு வேலையா? கப்பல் அதிகாரி யாரிடமாவது முத்திரை வாங்கி அனுப்புங்கள், அதற்கு மதிப்பு அதிகம் என்றார்கள்.

அவளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தில் ஏதோ முத்திரை பாக்கி என்று சொல்லி வைத்திருக்கிறேன். இடம் நிச்சயமான பிறகு மெதுவாக உட்கார வைத்துச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கையில் இடம் இருந்தால் கோபம் கொஞ்சம் குறையும் இல்லையா?

தாமதிக்காதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


புதன்கிழமை, சாப்பாட்டு நேரம்

அன்புள்ள பிள்ளைகளின் அப்பாவுக்கு,

என் முதல் கடிதம் கிடைத்ததா இல்லையா? பள்ளி திறந்து ஒன்பது நாள் ஆகிறது. துணி தேய்க்கிற ரோலர் மிஷினை ஆற வைத்திருக்கிறார்கள், அந்த இருபது நிமிஷத்தில் போர்வைக் கட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். என்னோடு துணி மடிக்கிற கண்ணாடி அக்கா, தினமும் கப்பல் வந்ததா என்று கேட்டு என் உயிரை வாங்குகிறாள்.

பூனை தினம் போகிறான். புதுப் பை, புது ஷூ, நடையே மாறிவிட்டது. மூன்றாம் நாள் விளையாட்டு நேரத்தில் அவனுக்கு இழுத்திருக்கிறது. எனக்குத் தகவல் வந்தபோது உயிரே போய்விட்டது, ஏப்ரனோடு ஓடினேன். போய்ப் பார்த்தால், அவனாகவே நடந்து நோயாளி அறைக்குப் போய், அங்கே இருக்கிற நர்ஸிடம் சொல்லி, மருந்து இழுத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறான். ஒரு நர்ஸ், இரண்டு கட்டில், மருந்து மிஷின், எல்லாம் அங்கேயே இருக்கிறது. ஏன் ஓடி வந்தே, பிள்ளைங்க பார்க்கிறாங்க என்று என்னையே திட்டுகிறான்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எதற்காக அவளைப் பிடித்து நிறுத்தினோம்? இவனோடு ஒன்றாகப் போகட்டும் என்றுதானே. இப்போது இவன் மட்டும் போகிறான், அவள் இல்லாமலே சமாளிக்கிறான். நாம் நிறுத்தி வைத்தவள் வீட்டில் இருக்கிறாள். காலையில் அவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள், சாயங்காலம் அவன் புத்தகத்தை வாங்கி முதல் பாடத்திலிருந்து படிக்கிறாள். அறிவியலில் மூன்று பாடம் முடித்துவிட்டாள். அவன் இன்னும் முதல் பாடத்தில் இருக்கிறான்.

காகிதத்தை அனுப்புங்கள். வேறு ஒன்றும் எழுத நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்கள் கவர் வந்தது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

கவர் வந்த அன்று நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். உள்ளே ஒட்டின கவர் ஒன்று, மேலே பிரின்சிபால் அம்மாவின் பதவி, ஓரத்தில் கப்பல் முத்திரை. கூடவே எனக்கு ஒரு துண்டுச் சீட்டு. பையன் சங்கதியைத் தொடாமல் பக்குவமாக எழுதியிருக்கிறேன், பிரிக்காமல் கொடு என்று. எனக்கு அதற்கு அர்த்தம் புரியவில்லை. பக்குவம் என்பது சமையல்காரர் பேச்சு, ஏதோ மரியாதையாக எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள். பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பதினான்கு வருஷத்தில் நீங்கள் சொல்லி நான் மீறினது ஒன்றுகூட இல்லை, இதையாவது மீறித் தொலைத்திருக்கலாம்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். கண்ணாடி அக்கா என் பங்குத் துணியையும் தானே மடிப்பதாகச் சொல்லி அனுப்பினாள். சிட்டு தலைக்குக் குளித்து, இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் பேச்சு. எந்தப் பெஞ்சில் உட்காரலாம், தம்பி வகுப்பே கிடைக்குமா, லேபில் தொட விடுவார்களா. இந்தத் தடவை அவளை நான் வெளியே உட்கார வைக்கவில்லை. இடம் கிடைக்கிற நிமிஷத்தை அவள் கண்ணால் பார்க்கட்டும் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.

பிரின்சிபால் அம்மா கவரைப் பிரித்தார்கள். படித்தார்கள். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்கள். என் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அப்புறம், உங்கள் கணவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று சொல்லி வாசித்தார்கள். நீங்கள் எழுதினதுதான், ஆனாலும் உங்களுக்கே ஒரு தடவை திருப்பி எழுதுகிறேன், எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

என் மகள் சிறு வயதிலிருந்தே படிப்பில் மந்தம். கணக்கு ஏறவில்லை. ஆகவே பெற்றோராகிய நாங்களே அவளை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தோம். இப்போது ஓரளவு தேறியிருக்கிறாள். பெரிய மனசு பண்ணிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மந்தம். ஓரளவு தேறியிருக்கிறாள். முந்நூற்றுப் பத்தில் நாலாவது வந்தவள் ஓரளவு தேறியிருக்கிறாள்!

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று எனக்கு அந்த நாற்காலியிலேயே விளங்கிவிட்டது. பூனையின் மூச்சுக் கோளாறை எழுதினால் அவன் பெயரை அடித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறீர்கள். அவனுக்காக அவளை ஒரு தடவை நிறுத்தினோம். இப்போது அவனுக்காகவே இரண்டாம் தடவையும் அவள் தலையில் கையை வைத்துவிட்டீர்கள். அவன் சீக்கு அங்கே எல்லாருக்கும் தெரியும். அதை முதல் நாளே நான் என் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் அவனைத் தொடவில்லை.

நான் அந்த அறையில் கத்தினேன். மானம் மரியாதை ஒன்றும் பார்க்கவில்லை. இது பொய், என் பிள்ளை மந்தம் இல்லை, கணக்கில் தொண்ணூற்று நாலு, தம்பிக்குக் காவலாக இருக்கட்டும் என்று நாங்கள்தான் பிடித்து உட்கார வைத்தோம், பெயில் என்று பொய் சொன்னவளே நான்தான் என்று கத்தினேன். கிளார்க் எட்டிப் பார்த்தார். பிரின்சிபால் அம்மா தண்ணீர் கொடுத்தார்கள். தாய் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், தகப்பன் ஒன்று எழுதியிருக்கிறார், நான் எதை நிர்வாகத்துக்கு அனுப்புவது, மார்க் அட்டை இருந்தாலாவது காட்டுங்கள் என்றார்கள். மார்க் அட்டை குப்பைத் தொட்டியில் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழைய பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே போய்க் கேட்டுவிட்டேன், அந்த மூன்று வார்த்தைதான் இருக்கிறது. திரும்ப எழுதி வாங்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். ஐந்து நாள்தான் பாக்கி, உங்கள் கப்பலுக்குக் காகிதம் போய் வர ஐந்து வாரம். வருத்தமாக இருக்கிறது என்றார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது.

நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை.

இவ்வளவு நடக்கும்போது சிட்டு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இடம் போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். திட்டுவாள், அழுவாள், என் கையை உதறிவிட்டு ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, அப்ப நான் பெயிலாகலையாம்மா என்று கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. சாமி, அந்தச் சிரிப்பை நான் எங்கே போய்ச் சொல்வேன்! இடம் போன பிள்ளைக்கு அது பெரிதாகவே இல்லை. பாஸா, நான் பாஸா என்று கேட்டைத் தாண்டும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கீழ்வீட்டில் போய், நான் ஐந்தாவதில் பெயிலாகவே இல்லையாம் தெரியுமா என்று சொல்லிவிட்டு வந்தாள். நம் மேல் கோபப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அதற்குப் பதிலாக என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

கோபப்பட்டது பூனைதான். அக்கா இடத்தை நான் கேட்டேனா, என்னைக் காவல் காக்கச் சொல்லி நான் கேட்டேனா என்று என்னிடம் கத்திவிட்டு, இரண்டு நாளாகப் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை அவளை ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். வேறு வழியில்லை. ஒரு வகுப்புக்கு அறுபத்தைந்து பிள்ளைகள். ஒன்பதாவதோடு முடிந்துவிடும், லேப் கிடையாது, பாதி ஜன்னலுக்குக் கதவு கிடையாது. சேர்க்கிற ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையில் பூனை இடது பக்கம் போவான், இவள் வலது பக்கம் போவாள்.

அன்றைக்குக் காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, நிஜமா நான் எத்தனை மார்க்கும்மா என்று திரும்பவும் கேட்டாள். தொண்ணூற்று நாலு என்றேன். அட்டையைக் காட்டு என்றாள். கிழித்துவிட்டேன் என்றேன். பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, பரவாயில்லைம்மா, நான் அழக்கூடாதுன்னுதானே பாஸ்னு சொன்னே, அப்பாவே மந்தம்னு எழுதியிருக்காரே என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சிரிப்பு ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

அவளிடம் ஒரு தடவை பொய் சொன்னவள் நான். இனிமேல் நான் சொல்வதெல்லாம் அவளுக்கு ஆறுதல் வார்த்தைதான். நீங்கள் அவளிடம் பொய்யே சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா எழுதினால் அது சரி. அப்பா முத்திரை வைத்து மந்தம் என்று எழுதினால் அவள் மந்தம்தான்.

பள்ளிக்கூட இடம் போனது போனதுதான், அதைப் பற்றி இனி உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். நீங்கள் ஊருக்கு வரும்போது என்ன பேசுவேன் என்றும் எனக்குத் தெரியாது, அது அப்போது. இப்போது கேட்பது ஒன்றுதான். எனக்கு எழுத வேண்டாம். பிரின்சிபாலுக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். மேலே அவள் பெயரைப் போட்டு எழுதுங்கள், அவளே பிரிக்கட்டும். நீ பாஸ், நான்தான் நிறுத்தினேன், நான்தான் பொய் எழுதினேன் என்று எழுதுங்கள். அவள் உங்களை வெறுத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கும். இருக்கட்டும். வெறுக்கட்டும். தன்னை மந்தம் என்று நினைத்துக்கொண்டு வளர்வதைவிட உங்களையும் என்னையும் வெறுத்துக்கொண்டு வளரட்டும்.

கடல் அலை அடங்கி இருக்கட்டும். உங்கள் உடம்புக்கும் கைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. அந்தக் கையால் சீக்கிரம் எழுதுங்கள், நான் சொன்னால் அவள் நம்பமாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
அவள் அம்மா